கடையும் இருக்கிறது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் இருக்கிறது: நான் எந்தக் கணக்கு?

அரூர் ஜெராக்ஸ் | ஞாயிறு, இரவு 9:40

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பி.எஸ்சி. கணிதம். கல்லூரி முடித்த வருடமே தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வருகிறேன். அந்தப் பதிவேட்டின்படி நான் வேலைக்குக் காத்திருக்கும் ஆள். வங்கியில் கேட்டார்கள் என்று உத்யம் சான்றிதழும் எடுத்து வைத்திருக்கிறேன். அதன்படி நான் ஒரு குறுந்தொழில் நிறுவனத்தின் உரிமையாளர். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில்தான் கிடக்கின்றன.

கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், வேலையில்லாத் திண்டாட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருப்பதாகச் சொன்னார். தேடிப் பார்த்தேன். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், 2017-18-ல் 6 சதவீதத்தை ஒட்டி இருந்த வேலையின்மை 2023-24-ல் 3.2 சதவீதம். சரி, நல்லதுதான். ஆனால் அதே கணக்கெடுப்பில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆகியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8-லிருந்து 21.7-க்கு இறங்கியிருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். சுயதொழில் பெருகியதால் வேலையின்மை குறைந்ததா? இல்லை, வேலை கிடைக்காதவர்கள் எல்லாம் கடை போட்டு உட்கார்ந்ததால் கணக்கில் வேலையின்மை காணாமல் போனதா? நான் கடை போட்டபோது இந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை இரண்டு. இப்போது ஆறு. ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் மூன்று மடங்கு ஆகிவிடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்தால்தான் எங்களுக்குத் தீபாவளி. 2024-ல் 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதில் அரூர் பக்கத்து விண்ணப்பங்கள் கொஞ்சம் என் கடைக் கம்ப்யூட்டரில் போனவை. என்னுடையதும் அதில் ஒன்று. வேலை இல்லாதவர்கள் இருப்பதால்தான் எனக்கு வேலை ஓடுகிறது.

ஓசூர் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 10:15

அண்ணா, எனக்கும் அரூர் பக்கம்தான், மொரப்பூர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பிடித்தம் போக 16,500 கைக்கு வரும். அறை வாடகை, மெஸ் போக வீட்டுக்கு 7,000 அனுப்பினால் பெரிய விஷயம். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது எங்கள் லைன்தான்.

இங்கே எங்கள் அறையில் ஐந்து பேர். ஐந்து பேருமே ஊருக்குப் போய் ஏதாவது கடை போடுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். நீங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு வேலை கேட்கிறீர்கள். ஏன் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

கணக்கெடுப்பு | திங்கள், காலை 6:50

முன்பு கொஞ்ச காலம் இந்தக் கணக்கெடுப்பில் களப்பணியாளராக இருந்தேன். அதனால் உள்ளே எப்படி எழுதுகிறார்கள் என்று சொல்கிறேன்.

வீட்டுக்கு வீடு போய் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு போடுவோம். சொந்தமாகத் தொழில் செய்து, கூலிக்கு ஆள் வைக்காதவர் 11. ஆள் வைத்து நடத்துபவர் 12. வீட்டுத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவுபவர் 21. மாதச் சம்பளம் 31. தினக்கூலி 51. வேலை செய்யவில்லை, ஆனால் தேடுகிறார் அல்லது கிடைத்தால் போகத் தயார் என்பவர்தான் 81. வேலையின்மை என்று செய்தியில் வருவது இந்த 81 மட்டும்.

ஜெராக்ஸ் தம்பி 11. அதில் மறுபேச்சே இல்லை. அவர் எத்தனை தேர்வு எழுதுகிறார், எத்தனை முறை பதிவைப் புதுப்பித்தார் என்பதெல்லாம் அந்தக் குறியீட்டை மாற்றாது. கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல் உண்டு. ஒன்று வருடக் கணக்கு. வருடத்தில் அதிக காலம் என்ன செய்தார் என்று முதலில் பார்ப்பார்கள். அப்படி வேலையில் இல்லாதவர்கூட ஏதாவது ஒரு தொழிலில் 30 நாளுக்குக் குறையாமல் இருந்திருந்தால் துணைத் தொழில் என்று வேலையில் இருப்பவராகிவிடுவார். இன்னொன்று வாரக் கணக்கு. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், வேலையில் இருப்பவர்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையும் ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்த வலையில் 81 சிக்குவது கடினம். வருடத்தில் ஒரு மாதம்கூட, வாரத்தில் ஒரு மணி நேரம்கூட ஒன்றும் செய்யாமல் உட்கார நம் ஊரில் யாரால் முடியும்? அப்பா சம்பளத்தில் வீட்டில் இருந்து தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையால் முடியும். அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வேலையின்மை ஒரு சதவீதத்துக்கும் கீழே, பட்டதாரிகளிடம் பத்து சதவீதத்துக்கும் மேலே. படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கொட்டிக் கிடக்கிறது என்பதற்காக இல்லை. சும்மா இருக்க அவர்களுக்கு வசதி இல்லை.

பாலக்கோடு மண்டி | திங்கள், காலை 8:05

என்னடா எல்லாரும் சுயதொழில் என்றால் துக்க வீடு மாதிரி பேசுகிறீர்கள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி இல்லையென்றால் இந்தச் சுற்றுவட்டாரமே கிடையாது. விவசாயி, கமிஷன்காரர், லோடு ஏற்றுகிறவர், பெட்டி வாடகைக்கு விடுகிறவர், டீக்கடை, வண்டிக்காரர் என்று ஒருத்தனும் யார் வேலை தருவான் என்று காத்திருக்கவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டியபோது இதே மாவட்டத்தில் கடனை அடைத்து டிராக்டர் வாங்கியவன் இருக்கிறான். எந்தக் கம்பெனி தரும் அதை?

ஆபீசில் நாற்காலி கிடைத்தால்தான் வேலை என்று நினைக்கிற நோய் நம் பிள்ளைகளுக்கு. அவ்வளவுதான்.

அரூர் ஜெராக்ஸ் | திங்கள், காலை 8:40

அண்ணே, 100 ரூபாய்க்கு விற்றதைச் சொன்னீர்கள். ராயக்கோட்டையில் பறிப்புக் கூலி கட்டவில்லை என்று செடியிலேயே விட்ட வருடங்களையும் சொல்லுங்கள். அந்த மாதங்களில் அந்த விவசாயி வேலையில் இருந்தாரா?

பாலக்கோடு மண்டி | திங்கள், காலை 8:52

இருந்தார். நஷ்டத்தில் இருந்தார். நஷ்டம் வேறு, வேலை இல்லாமை வேறு.

பொருளியல் வாத்தியார் | திங்கள், பிற்பகல் 1:30

கிருஷ்ணகிரியில் கல்லூரி ஆசிரியர். மண்டிக்காரர் கடைசியாகச் சொன்ன வரியில் பாதிப் பொருளாதாரம் இருக்கிறது. கம்பெனித் தொழிலாளிக்குச் சந்தை சரிந்தால் வேலை போகும்; அது வேலையின்மைக் கணக்கில் ஏறும். சொந்தத் தொழில் செய்பவருக்குச் சந்தை சரிந்தால் வேலை போகாது, வருமானம் போகும். அது வேலையின்மைக் கணக்கில் ஏறாது. ஆக, சுயதொழில் அதிகமுள்ள ஊரில் கெட்ட காலத்தை வேலையின்மை விகிதத்தில் தேடினால் கிடைக்காது. வருமானத்தில் தேட வேண்டும்.

கொரோனா வருடங்களை எடுத்துப் பாருங்கள். ஊரடங்கில் திருப்பூரிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் நம் மாவட்டத்து ஆட்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேலையின்மை ஏறியிருக்க வேண்டும் அல்லவா? வருடக் கணக்கில் 2018-19-ல் 5.8, 2019-20-ல் 4.8, 2020-21-ல் 4.2. இறங்கியிருக்கிறது. அதே காலத்தில் வேளாண்மையில் இருப்பவர்களின் பங்கு 42.5-லிருந்து 46.5 சதவீதம் ஆனது. பனியன் கம்பெனியில் 31 ஆக இருந்தவன் அப்பாவின் நிலத்தில் 21 ஆகிவிட்டான். 81 ஆகவே இல்லை.

ஜெராக்ஸ் தம்பியின் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு விசைகள். வேலை இல்லாததால் சொந்தத் தொழிலுக்குள் ஒதுங்குவது ஒன்று. மழைக்குக் கடை வாசலில் ஒதுங்குகிற மாதிரி. வேலையின்மை கூடினால் சுயதொழில் கூடும். மற்றொன்று எதிர்த்திசை: நல்ல தொழில் தொடங்கினால் அது ஆள் எடுக்கும், வேலையின்மை குறையும். தூரிக் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 23 வளர்ந்த நாடுகளின் 1974 முதல் 2002 வரையிலான கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். இரண்டு விசையுமே உண்டு, இரண்டாவதுதான் பலமானது, ஆனால் அது பலன் தரச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்று 2008-ல் வெளியிட்டார்கள். இந்த முடிவை அப்படியே தூக்கி வந்து அரூரில் வைக்க முடியாது என்பது என் கருத்து. அங்கே வேலை இழந்தவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. காத்திருந்து யோசித்துத் தொழில் தொடங்கலாம். இங்கே ஒதுங்குவதுதான் உதவித்தொகை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல். அங்கே நம்மைப் போலத் தெருவுக்குப் பத்துக் கடை, வண்டிக்கடை என்ற அமைப்பு மிகக் குறைவு. நாம் அவர்களைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று இதற்கு அர்த்தமில்லை. நம்மிடம் வேலையின்மை கடைக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவர்களிடம் தெருவில் நிற்கிறது.

தையல்காரி | திங்கள், மாலை 4:10

காரிமங்கலம். இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் மாவு மில் வைத்திருக்கிறார். காலையில் அரிசி ஊறப்போடுவது, ஆட்டுவது, பாக்கெட் போடுவது நான். கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவது, காசு வாங்குவது அவர். மத்தியானம் தையல் மெஷினில் உட்காருவேன், அது என் காசு. நான் 21-ஆ, 11-ஆ?

கணக்கெடுப்பு | திங்கள், மாலை 5:25

அக்கா, இரண்டுமேதான். எதில் அதிக நேரம் போகிறதோ அது முதலில், மற்றது துணைத் தொழில். இந்தியாவில் கூலியில்லாமல் வீட்டுத் தொழிலில் உதவுபவர்கள் மொத்த உழைப்பாளர்களில் 2017-18-ல் 13.6 சதவீதம், 2023-24-ல் 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். கிராமத்துப் பெண்களில் சுயதொழிலில் இருப்பவர்கள் 57.7-லிருந்து 73.5 ஆனார்கள். சுயதொழில் பெருகிய கதையில் பெரும்பங்கு உங்களைப் போன்றவர்களுடையதுதான். ஜெராக்ஸ் கடைக்காரர்களுடையது அல்ல.

முன்பெல்லாம் "வீட்டில் என்ன செய்கிறீர்கள்" என்றால் "சும்மாதான் இருக்கிறேன்" என்று பதில் வரும். பின்னால் இரண்டு மாடு நிற்கும். ஆவின் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது யார் என்று கேட்டால்தான் விஷயம் வரும். நன்றாகத் துருவிக் கேட்டால் கணக்கில் வேலை செய்பவர் கூடுவார். அதில் எவ்வளவு புதிய வேலை, எவ்வளவு முன்பே இருந்தது என்று பிரிப்பது சுலபமில்லை.

தையல்காரி | திங்கள், மாலை 5:40

வேலை எண்ணிக்கையில் ஏறிவிட்டது. காசு யார் கைக்குப் போகிறது என்று ஒரு கட்டம் வைக்கச் சொல்லுங்கள் தம்பி.

பரிசல்துறை | திங்கள், இரவு 9:00

ஒகேனக்கல்லில் எங்கள் மாமா பரிசல் ஓட்டுகிறார். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் தமிழக எல்லையில் ஆற்றுநீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். உடனே பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை. சில வருடம் தொடர்ந்து வாரக்கணக்கில் தடை இருக்கும். எண்ணெய் மசாஜ் செய்பவர்கள், மீன் வறுத்து விற்கிற, வாங்கிவந்த மீனைச் சமைத்துத் தருகிற பெண்கள், எல்லாருக்கும் அன்று தொழில் இல்லை. அந்த வாரம் கணக்கெடுக்க வந்தால் மாமா வேலையில்லாதவர்தானே? வேலைக்குப் போகத் தயாராக ஆற்றங்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கணக்கெடுப்பு | திங்கள், இரவு 9:20

இல்லை. அதற்கும் ஒரு குறியீடு உண்டு. 62. சொந்தத் தொழில் இருக்கிறது, உடல்நலம் அல்லாத வேறு காரணத்தால் அந்த வாரம் வேலை செய்யவில்லை. 62-ம் வேலையில் இருப்பவர் பட்டியலில்தான் சேரும். அவர் அந்த வாரம் ஒட்டப்பட்டிக்கு வந்து கூலி வேலை தேடினேன் என்று தெளிவாகச் சொன்னால் அது வேறு கதை.

பரிசல்துறை | திங்கள், இரவு 9:31

காவிரியில் வெள்ளம் வந்தாலும் மாமாவுக்கு வேலை போகாது போல.

பழைய மேனேஜர் | செவ்வாய், காலை 7:15

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கிளை மேலாளராக இருந்திருக்கிறேன். சுயதொழில் கடன் மனுக்களைப் படித்தே கண் போனது எனக்கு. அதனால் இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக வரும் திட்டங்கள் முக்கியமாக இரண்டு. மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம்: எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும், திட்டச் செலவு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-ல் வந்தது: உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை; மானியம் 15-லிருந்து 35 சதவீதம், ஊருக்கும் பிரிவுக்கும் ஏற்ப. இந்த மத்திய மானியம் கையில் வராது. கடனுக்கு ஈடாக உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பில் இருக்கும். தொழில் நடந்துகொண்டிருந்தால் அதன் பிறகு கடனில் கழியும். இதைத் தெரியாமல் "மானியம் எங்கே சார்" என்று வந்து நின்றவர்கள் ஏராளம்.

இரண்டு திட்டத்தின் பெயரிலும் வேலைவாய்ப்பு என்ற சொல் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். வேலை இல்லாதவருக்கு வேலை தருவது ஒரு நோக்கம், தொழில் வளர்ப்பது இன்னொரு நோக்கம். மனு போடுகிறவர் வேலை இல்லாதவர் என்று பார்க்கிறோம். அந்தத் தெருவில் அந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறதா என்று யார் பார்த்தோம்? என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஐந்தாறு தொழில்கள்தான். ஜெராக்ஸ், செல்போன் கடை, ஆயத்த ஆடை, பாக்குமட்டைத் தட்டு, பேக்கரி, வாடகை வண்டி. முன்னால் ஒருவர் போட்டு ஓடியது, அதைப் பார்த்து அடுத்தவர். திட்ட அறிக்கை மட்டும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் அடித்தது. விற்பனை எண் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். ஏழாவது ஜெராக்ஸ் கடைக்குக் கடன் கொடுத்தால் வேலையில்லாதவர் ஒருவர் குறைகிறார், அது உண்மை. மற்ற ஆறு பேரின் வருமானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து அவருக்குக் கொடுத்திருக்கிறோம், அதுவும் உண்மை.

சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம் 2015-ல் வந்தபோது 50,000 வரையான சிசு கடன்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். 50,000-ல் வண்டிக்கடை போடலாம், தையல் மெஷின் வாங்கலாம். போட்டவருக்கு ஒரு பிழைப்பு. இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் அதிலிருந்து வராது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தினத் தண்டலில் மாட்டிக்கொண்டிருந்த பூக்கடை அம்மா ஒருவர் அதிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். நூறு நாள் தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வாங்குவார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் இதற்கு வேலைவாய்ப்புப் பெருக்கம் என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பைக் மத்தூர் | செவ்வாய், காலை 11:20

மத்தூர். பெங்களூருவில் பைக் டாக்ஸி ஓட்டினேன். ஆப் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும், ஆப் சொல்கிற காசு, ஆப் நினைத்தால் ஐ.டி.யை முடக்கும். ஆனால் நான் தொழிலாளி இல்லையாம், பங்குதாரராம். 2025 ஜூனில் கர்நாடகாவில் பைக் டாக்ஸியை நிறுத்தினார்கள். ஒரே நாளில் அறையைக் காலி செய்துகொண்டு வந்தேன். வேலை போனது என்று சொல்லவும் முடியவில்லை. யார் வேலை கொடுத்தார்கள், போவதற்கு? மேனேஜர் சார், எனக்கு எந்தத் திட்டத்தில் கடன் கிடைக்கும்?

பழைய மேனேஜர் | செவ்வாய், காலை 11:45

தம்பி, முதலில் என்ன தொழில் என்று சொல்லுங்கள். கடன் அப்புறம்.

பாலக்கோடு மண்டி | செவ்வாய், பிற்பகல் 12:10

மேனேஜர்கள் எப்போதும் இப்படித்தான். மல்லையாவிடம் என்ன தொழில் என்று கேட்டீர்களா?

நெறியாளர் | செவ்வாய், பிற்பகல் 12:30

இழையின் பொருளுக்குள் பேசவும். வங்கி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது.

சந்தூர் ஒட்டு | செவ்வாய், மாலை 6:00

போச்சம்பள்ளி பக்கம் சந்தூர். எங்கள் ஊரில் மாங்கன்று நாற்றுப்பண்ணை வைக்காத வீட்டைத் தேட வேண்டும். எங்கள் பண்ணையில் சீசனில் எட்டு, பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். கொட்டை முளைக்க வைப்பது, பாக்கெட்டில் மண் நிரப்புவது, ஒட்டுக் கட்டுவது. ஒட்டுக் கட்டுகிற பெண்களுக்குக் கைத்திறமைக்குத் தகுந்த கூலி. எங்கள் பகுதியிலேயே நல்ல கை என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போவார்கள். ஆக நான் 12. ஒரு கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை வந்தால் இருவருக்கும் நஷ்டம் என்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. நூறு பண்ணை இருப்பதால்தான் ஆந்திராவிலிருந்து லாரி போட்டுக்கொண்டு எங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். வாங்குகிறவன் வெளியூர்க்காரன். அதுதான் வித்தியாசம்.

ஆனால் 2025-ல் பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஐந்து ரூபாயை ஒட்டி விழுந்ததும் யாரும் புதிதாக மாந்தோப்பு வைக்கத் துணியவில்லை. கன்று வியாபாரமும் படுத்தது. நாங்கள் வேலையில்தான் இருந்தோம். எங்களிடம் கூலிக்கு வந்தவர்கள் இல்லை.

பொருளியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 8:15

சந்தூர்க்காரர் இழையின் முடிச்சை அவிழ்த்துவிட்டார். வாங்குகிறவர் யார், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்டால் நம் இரண்டு மாவட்டத்தையும் பிரித்துப் பார்க்கலாம்.

2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே தருமபுரி மாவட்டம். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைகள் எல்லாம் கிருஷ்ணகிரியோடு போய்விட்டன. தருமபுரிக்கு மிஞ்சியது விவசாயம், சந்தை, அரசு அலுவலகம், வெளியூர் வேலை. ஓசூர் சிப்காட் கேட்டில் காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்று பாருங்கள். டீக்கடை, வாடகை அறை, மெஸ், பஞ்சர் கடை, பியூட்டி பார்லர், குழந்தைகள் காப்பகம். எல்லாம் சுயதொழில். கம்பெனி ஒருவரை எடுத்தால் அவர் சம்பளத்தில் வெளியே இன்னொருவர் பிழைக்கிறார். அங்கே வேலை கூடினால் சுயதொழிலும் கூடும்.

தருமபுரியிலும் கடைகள் கூடியிருக்கின்றன. ஆனால் இங்கே அவை கூடியது வேலை வராததால். இரண்டு ஊரின் கடை எண்ணிக்கையை மட்டும் ஒரு அட்டவணையில் போட்டால் இரண்டும் ஒரே வளர்ச்சியாகத் தெரியும். அதனால் சுயதொழில் பங்கு கூடியது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. அந்தக் கடைக்கு வருகிறவர் சம்பளக்காரரா, இன்னொரு கடைக்காரரா என்று பார்க்க வேண்டும். மண்டிக்காரர் கோபப்பட வேண்டாம். உங்கள் தக்காளியை வாங்குகிறவர் பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கிறார். அரூர் ஜெராக்ஸுக்கு வருகிறவர் அரூர்க்காரர், அதுவும் வேலை தேடுகிறவர்.

பாலக்கோடு மண்டி | செவ்வாய், இரவு 8:40

கோபம் இல்லை வாத்தியாரே. ஆனால் தருமபுரியில் சிப்காட் வரட்டும் வரட்டும் என்று பிள்ளைகள் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது? வருகிறவரை கடை போடாமல் என்ன செய்வது?

பொருளியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 8:47

போடட்டும். போட்டவனை வேலை கிடைத்தவன் என்று எழுதி, சிப்காட்டை மறந்துவிடாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

அரூர் ஜெராக்ஸ் | செவ்வாய், இரவு 10:05

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 300, மூன்று வருடத்துக்கு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்கு மேல் போகக் கூடாது. இந்தப் படிவத்தை நானே பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். சொந்தத் தொழில் எதுவும் செய்யவில்லை என்றும் அதில் உறுதிமொழி தர வேண்டும். மாதம் 600 ரூபாய்க்காக ஒருவர் வண்டிக்கடையை மறைக்க வேண்டும். கடன் கேட்கும்போது அதே கடையைக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போடும்போது சிலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

மொரப்பூர் தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மேனேஜர் ஐயா, கணக்கைப் போடுகிறேன், நீங்களே பாருங்கள். சராசரி மாதம் வரவு 38,000. வாடகை 6,000, கரண்ட் 1,800, பேப்பர், டோனர் 9,500, இன்டர்நெட் 800, மெஷின் தவணை 5,200.

பழைய மேனேஜர் | புதன், காலை 6:30

மிச்சம் 14,700. கடையில் நீங்கள் மட்டும்தானா?

அரூர் ஜெராக்ஸ் | புதன், காலை 6:42

மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் நான் தேர்வுக்குப் படிக்கிற நேரத்திலும் அம்மா உட்காருவார்கள். தினம் நான்கு மணி நேரம் இருக்கும்.

பழைய மேனேஜர் | புதன், காலை 7:10

அப்படியானால் இப்படிப் பாருங்கள். இந்த வேலைக்கு அரூரில் ஒரு ஆளை வைத்தால் 9,000 கேட்பார். அம்மா உட்காரும் நேரத்துக்கு 4,000 என்று வையுங்கள். 14,700-ல் 13,000 உங்கள் இரண்டு பேரின் கூலி. 1,700 தான் கடை சம்பாதித்தது. அதிலும் மெஷின் தேய்மானத்தை நான் சேர்க்கவில்லை. நீங்கள் உங்கள் கடையில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள் தம்பி. தவணை முடிந்தால் நிலைமை மாறும். எப்போது முடிகிறது?

கணக்கெடுப்பு | புதன், காலை 7:35

நாட்டுக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2023-24-ல் சுயதொழில் செய்பவரின் சராசரி மாத வருமானம் 13,000 ரூபாயை ஒட்டி. மாதச் சம்பளக்காரருக்கு 20,000-ஐ ஒட்டி. நம் தம்பி சராசரிக்குக் கொஞ்சம் மேலே. அம்மாவின் நான்கு மணி நேரம் எந்தச் சராசரியிலும் இல்லை.

அரூர் ஜெராக்ஸ் | புதன், காலை 8:20

தவணை அடுத்த ஆடியோடு முடிகிறது ஐயா. அதற்குப் பிறகு கையில் 20,000 நிற்கும், மெஷின் ஒத்துழைத்தால்.

தம்பி, உனக்குச் சொல்கிறேன். உன் 16,500-ல் பி.எஃப். போகிறது, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. போன வருடம் எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரிச் செலவும் என்னுடையது, கடை பூட்டிக் கிடந்த நஷ்டமும் என்னுடையது. அதனால்தான் பதிவைப் புதுப்பிக்கிறேன். நீ ஊருக்கு வந்து கடை போடுவதாக இருந்தால் ஜெராக்ஸ் மட்டும் வேண்டாம்.

ஓசூர் ஷிப்ட் | புதன், மாலை 3:50

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். அண்ணா, இங்கே எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரில் பொங்கல், தோசை போடுகிற தள்ளுவண்டி ஒன்று விலைக்கு வருகிறது. விற்கிறவர் திருப்பத்தூர்க்காரர், மகளுக்குக் கல்யாணம் என்று ஊருக்குப் போகிறார். ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் நிற்கும். வாத்தியார் சொன்ன மாதிரி வாங்குகிறவர்கள் சம்பளக்காரர்கள். வண்டி, அடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்த்து 70,000 கேட்கிறார். மேனேஜர் சார், முத்ராவில் வருமா?

பழைய மேனேஜர் | புதன், மாலை 4:30

50,000-க்கு மேல் என்றால் முத்ராவில் சிசுவுக்கு அடுத்த கிஷோர் பிரிவில் வரும். பழைய வண்டிக்கு எந்த வங்கியும் லேசில் கடன் தராது, புது வண்டிக்குக் கொட்டேஷன் கேட்பார்கள். அதை விடுங்கள். அந்த இடம் யாருடையது? நெடுஞ்சாலையா, சிப்காட்டா, தனியாரா? வண்டி 70,000 இல்லை, அந்த இடம்தான் 70,000. நாளைக்கு அகற்று என்றால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேலையை விட்டுவிடாமல் முதலில் இரண்டு வாரம் அவர் பக்கத்தில் நின்று எத்தனை தட்டு போகிறது என்று எண்ணுங்கள்.

ஓசூர் ஷிப்ட் | புதன், மாலை 4:41

சரி சார். அடுத்த வாரம் நைட் ஷிப்ட், காலையில் நிற்க முடியும்.

பைக் மத்தூர் | புதன், மாலை 5:05

தம்பி, எண்ண ஆள் வேண்டுமானால் சொல்லு. நான் சும்மாதான் இருக்கிறேன்.